மேட்டில் நின்ற வண்டி

விளக்கெண்ணெயைப் போல நல்ல பொருள் வேறு இல்லை, ஐயா. காரின் கிளட்சுக்கும் அதுதான் மருந்து. உள்ளே ஒரு தோல் பட்டை இருக்கிறது. அது காய்ந்துபோனால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டால் பசு மாதிரி நடக்கும். அளவு மீறினால் தோல் வழுக்கிவிடும். இஞ்சின் கத்தும், சக்கரம் நகராது. அதற்கும் வைத்தியம் சுலபம். காலடிப் பலகையைத் தூக்கி, தோலின் மேல் ஒரு பிடி உலர்ந்த பொடி தூவினால் போதும்.

இதையெல்லாம் அர்ச்சுனனுக்கு நான் சொல்லவில்லை. ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அதிகம். எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரை அவனை டிரைவராக்கிவிட்டு, என்னை வண்டி கழுவவும், மேட்டில் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடவும் வைத்துவிட்டார். வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். துரை ஈப்போ கிளப்புக்குப் போகும் சனிக்கிழமை காலையில் கிளட்சுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டேன். வழியில் வண்டி நிற்கும், அவனைத் திட்டுவார், பாஸ்கலைக் கூப்பிடு என்று என்னைத் தேடுவார். அவ்வளவுதான் என் ஆசை.

அன்று துரை போகவில்லை. அர்ச்சுனன் மனைவி இருளாயிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியைக் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர். பின்சீட்டில் இருளாயியும் அவள் தாய் காளியம்மாவும். நான் படிப்பலகையில் தொற்றிக்கொண்டேன். புறப்படும்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், எண்ணெய் விட்டது யார் என்ற கேள்வி வரும்.

சமதரையில் எப்படியோ உருண்ட வண்டி பாதி மேட்டில் நின்றது. கட்டையைப் போட்டேன். என் வேலையில் நான் குறை வைத்ததில்லை. இஞ்சின் அலறியது. உள்ளே இருளாயியும் அலறினாள்.

"கண்ணு பட்டிருச்சி மாப்ள," என்று காளியம்மா இறங்கி, மடியிலிருந்த திருநீற்றுப் பையை அவிழ்த்து, இஞ்சின் மூடி மேல் பட்டை பட்டையாகப் பூசினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதே திருநீற்றைக் கொஞ்சம் பின்னால், தோலில் தூவியிருந்தால் வண்டி ஏறியிருக்கும்.

அர்ச்சுனன் என்னைப் பார்த்தான். "என்னா அண்ணே இது?"

"நீதானே லா டிரைவரு," என்றேன்.

ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்தேன். அது தீர்ந்த பிறகுதான் அவன் வந்து என் காலைத் தொட்டான்.

"ஒங்களாலதான் முடியும்ணே. நீங்களே ஓட்டுங்க. அவ பேச்சு மூச்சு இல்லாம கெடக்கா."

எழுந்தேன். மிச்சத் திருநீற்றை வாங்கித் தூவினேன். வண்டி ஜம்மென்று ஏறியது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் பார்த்துவிட்டு, தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள் என்றார்.

ஆக, எண்ணெய் விட்டவன் நான். சரிசெய்யத் தெரிந்தும் உட்கார்ந்திருந்தவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா: அவன் வாய்விட்டுக் கேட்ட பிறகு நான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.