ஐம்பதாவது சோதனை

விளக்கக் கடிதத்தைக் கையால்தான் எழுத வேண்டும் என்று டீன் அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்கு வருத்தமே இல்லை. என் கையெழுத்து அழகானது. நான்கு வருஷம் வகுப்புத் தலைவனாக இருந்து, பஸ் வரவில்லை, பல்வலி, அக்கா கல்யாணம் என்று பாதி வகுப்புக்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். எனக்காக எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் குஷியாகக்கூட இருக்கிறது.

போன வசந்தத்தில் கம்பைலர் கட்டும் பாடம் படித்தோம். நாம் எழுதும் நிரலை எந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். ஆளுக்கொன்று எழுத வேண்டும். எழுதியதை ஓட்டிப் பார்க்க ஏற்கெனவே ஒரு கம்பைலர் வேண்டுமே? அதைச் சாதிர்குல் அகாய், எங்கள் ஆசிரியர், பதினான்கு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். அதை லேப் கணினிகளில் ஏற்றுவது வகுப்புத் தலைவன் வேலை. அகாய் ஐம்பது சோதனை வைப்பார். ஐம்பதும் தேறினால் முழு மதிப்பெண்ணான ஐந்து, ஒன்று விழுந்தாலும் நான்குதான்.

நாரின் என்ற மலையூரிலிருந்து வந்த பேகாயிமுக்கு அந்த ஐந்து கட்டாயம் வேண்டும். சியோலில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இந்தப் பாடத்தில் ஐந்து வாங்கினால்தான் அது உறுதி. மார்ச் முதல் வாரத்திலேயே முடிக்கிற நிலையில் இருந்தாள். நான் போய், “ஏதாவது உதவி வேணுமா?” என்று கேட்டேன்.

“உன்கிட்டயா? போய் அட்டெண்டன்ஸ் எடுங்க தலைவரே.”

லேபே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான். அன்று மதியம் அகாயின் கம்பைலரில் பதினொரு வரி சேர்த்தேன். நிரலின் முதல் வரியில் பேகாயிம் என்ற பெயர் இருந்தால் மட்டும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றுக்குள் சுற்று, அதற்குள் இன்னொரு சுற்று வரும் இடத்தில் ஒரு தடவை குறைவாகச் சுற்றும். அவ்வளவுதான். முதல் வரியில் பெயர் போடச் சொன்னது அகாய், நான் இல்லை.

நாற்பத்தொன்பது சோதனை தேறின. ஐம்பதாவது விழுந்தது. இரண்டு நாள் கழித்து, “எல்தியார், ஒரு நிமிஷம் வாயேன்” என்றாள். அடடா, என் பெயரை அவள் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு நாற்பது நாள், ஐயா. தினமும் மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் நிரலை வரிவரியாகப் படிப்போம். சம்சா நான் வாங்குவேன். மாக்சிம் என்கிற புளித்த தானியப் பானத்தைக் குடித்து மேலுதட்டில் நுரையோடு பேசுவாள். அந்தப் பிழைக்குச் சித்தப்பா என்று பெயர் வைத்தாள். “கூப்பிடாமலே வந்து உக்காந்துட்டாரு, எழுந்து போவேனாங்கிறாரு பாரு!” சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அப்படி இருந்ததே இல்லை.

ஒருமுறை அகாயிடம், கம்பைலரில் ஏதாவது இருக்குமோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அது மேல பழி போடாதம்மா. பதினாலு வருஷமா அது யாரையும் ஏமாத்தினதில்ல. தப்பு உன்கிட்டதான், தேடு.”

நம்பிவிட்டாள். எங்களை அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். முழு நிரலையும் மூன்று தடவை முதலிலிருந்து எழுதினாள். மூன்றாவது தடவை சாப்பாடு இறங்கவில்லை என்றாள்; அவள் சம்சாவையும் நானே தின்றேன். “நான் முட்டாளாடா?” என்று கேட்டாள். “சேச்சே, கொஞ்சம் கவனக்குறைவு, அவ்வளவுதான்” என்று ஆறுதல் சொன்னேன். அன்று முதல்முறையாக என் தோளில் சாய்ந்து அழுதாள்.

மே மாதம் நான்கு வாங்கினாள். சியோலிலிருந்து வருந்துகிறோம் என்று கடிதம் வந்தது. ஒரு சுற்றை ஒழுங்காக எழுதத் தெரியாதவளுக்கு இந்த வேலை எதற்கு என்று சொல்லி, பிஷ்கெக்கிலேயே ஒரு தையல் கூடத்தில் சேர்ந்துவிட்டாள். என் வீட்டிலிருந்து ஐந்து நிறுத்தம்தான். நான் லேபிலேயே உதவியாளனாகிவிட்டேன்.

அந்தப் பதினொரு வரியை எடுக்க மறந்துபோனது என் தப்புதான். சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா? இந்த வருஷம் ஓஷ் நகரிலிருந்து இன்னொரு பேகாயிம் வந்து சேர்ந்தாள். இவள் அழுகிற ரகமில்லை. இரண்டாம் நாளே மேஜையைத் தட்டி, “அகாய், கோளாறு உங்க கம்பைலர்ல. பந்தயம் கட்டுறீங்களா?” என்றாள். அகாய் திறந்து பார்த்தார். பாவம், பதினொரு வரியையும் விரல் வைத்து எண்ணினார்.

ஆமாம், எழுதியது நான்தான். என்னை வேலையிலிருந்து நீக்குங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: என் பேகாயிமிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் உடைந்துபோவாள். இன்றுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் நிரலை அச்சடித்த தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறாள். “தப்பு எங்கன்னு தெரியாம எனக்கு வேற எதுலயும் மனசு ஓடலடா” என்கிறாள். அது கிடைக்கும்வரை, எத்தனை வருஷமானாலும் கூடவே உட்கார்ந்து தேடுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஐயா. அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?