பிறீசருக்குள் கிடந்த தொப்பி

டூட்டிங்கில் பஸ் ஏறினேன். மேல்தட்டில் ஒரு கிழவர், அவருடைய நாய், குடையோடு ஒரு வெள்ளைக்காரி, எனக்கு முன் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள், பிறகு நான்.

"அக்கா, தொப்பி கிடைச்சிட்டுது," என்றாள் இளையவள்.

"என்ன தொப்பி?"

"இங்கிலிஷ் கிளாசில ஐரிஷ் ரீச்சர் சொன்ன கதை. கடல்கன்னியின்ர சிவப்புத் தொப்பியை ஒளிச்சு வைச்சிட்டு ஒருத்தன் அவளைக் கட்டுறான். அது இல்லாமல் அவளுக்குக் கடலுக்குத் திரும்ப ஏலாது."

"உன்ர பாஸ்போர்ட்டைச் சொல்லுறியோ!"

"ஓம். என்ர மனுசன் பிறீசருக்குள்ள, மீனுக்குக் கீழ ஒளிச்சு வைச்சிருந்தவர். இண்டைக்குப் பின்னேரம் பாரிசுக்கு, அண்ணையிட்டப் போறன். கடலுக்குக் கீழால ரயில்."

"உன்னைப் பூதம் எண்டெல்லோ சொல்லித் திரியிறவன்."

"சொல்லட்டும். கிரேக்கக் கதையிலயும் ஆறு தலைக் கடல்பூதம் ஒண்டு இருக்கு. முதல்ல அதுவும் வடிவான பெட்டைதான். குளிக்கிற தண்ணியில நஞ்சு கலந்துதான் அப்பிடி ஆக்கினவை."

அக்கா சத்தமாகச் சிரித்தாள். நாய் திரும்பிப் பார்த்தது.

"பிறகு கடல்கன்னி என்ன செய்தவள்?"

"தொப்பி கிடைச்சதும் கடலுக்குள்ள போயிட்டாள். பிள்ளையளை விட்டிட்டு."

சிரிப்பு நின்றது. "அப்ப உன்ர ரெண்டும்?"

பள்ளிக்கூட நிறுத்தம் நெருங்கியது. இளையவள் பெல்லை அழுத்திவிட்டு எழும்பினாள். கைப்பையைத் திறந்து அக்காவின் மடியில் வைத்தாள்.

"எண்ணுங்கோ."

அக்கா பாஸ்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மீன் மணம் எனக்கும் வந்தது.

"மூண்டு."