மூன்றாவது மாடியும் முந்நூறு கிலோமீட்டரும்

— அந்த இன்ஸ்டிட்யூட் படிக்கட்டே சரியில்ல பாப்பா. ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல கைப்பிடி ஆடுது. கைப்பிடி ஆடற இடத்துல போய் மனுஷன் மனசைச் சரி பண்ணக் கத்துக்கப் போறியா?

— அப்பா, நான் வேலையை விட்டுட்டுச் சேரப் போறது கிளினிக்கல் சைக்காலஜி. தச்சு வேலை இல்ல.

— எல்லாம் ஒண்ணுதான். முப்பத்தி நாலு வருஷம் எடை அளவு ஆய்வாளரா இருந்தவன் சொல்றேன். கடைக்குள்ள நுழைஞ்சதும் நான் தராசைப் பாக்க மாட்டேன். தராசு வெச்சிருக்கற மேசையைப் பாப்பேன். மேசை ஆடினா கடைக்காரனும் ஆடுவான். எழுதி வெச்சுக்கோ.

— என்னங்க, நம்ம மேசை மேல சாயாதீங்க. இஸ்திரி போட்ட துணி இருக்கு.

— உன் துணியை எடுத்து வை. இங்க ஒரு தலைமுறையோட முடிவு நடந்துட்டிருக்கு.

— பத்து நாளா நடக்குது. ஒரு தலையணை உறை வைக்கக்கூட எனக்கு இடம் இல்ல. இந்தப் பக்கம் பல்கலைக்கழகத்துக் கடிதம், அந்தப் பக்கம் இன்ஸ்டிட்யூட் கடிதம், நடுவுல ஐயா ஸ்கேல் வெச்சு கோடு போட்ட சார்ட்டு. கண்ணு, இன்னிக்கு அஞ்சு மணியோட கடைசின்னா, ஆறு மணிக்கு மேசை என் கைக்கு வந்துடணும்.

— வந்துடும்மா.

— மேசை கிடக்கட்டும். பாப்பா, நீயே யோசி. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அது பல்கலைக்கழகம். நூறு வருஷக் கட்டடம். அஞ்சு வருஷம் படிச்சு வெளிய வந்தா பேருக்கு முன்னாடி டாக்டர். நம்ம வாசல்ல உன் தாத்தா பேர்ப்பலகை இருக்கு, என் பேர்ப்பலகை இருக்கு. மூணாவதுக்கு ஆணி அடிச்சு எட்டு வருஷம் ஆச்சு. வெறும் ஆணியா நிக்குது.

— வெறும் ஆணியா? என் குடை அதுலதான் தொங்குது.

— அப்பா, அங்க முதல் ரெண்டு வருஷம் ஒரு ஆளைக்கூடப் பாக்க விட மாட்டாங்க. ஹெட்போனை மாட்டிக்கிட்டு, யாரோ பேசின பழைய பதிவைக் கேக்கணும். எங்க மூச்சு விட்டாங்க, எங்க நிறுத்தினாங்கன்னு குறிச்சுக்கிட்டே இருக்கணும். இங்க மூணே வருஷம். ஆறாவது மாசமே எனக்குன்னு ஒரு அறை, எதிர் நாற்காலியில ஒரு ஆள். கண்ணாடிக்குப் பின்னால டீச்சர் உக்காந்து பாத்துட்டே இருப்பாங்க. வீட்லேர்ந்து நடந்தே போயிடலாம். லைசென்ஸ் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

— ஆறு மாசத்துல ஒரு உசுரைத் தூக்கிக் கையில குடுப்பாங்களா? நான் வேலைக்குச் சேர்ந்தப்போ ஒரு வருஷம் எடைக்கல்லைத் துடைக்க மட்டும்தான் விட்டாங்க. அவசரமா போட்ட முத்திரை சீக்கிரம் அழிஞ்சிடும்.

— நேத்து காரணம் வேற. அந்தத் தெருவுல வண்டி நிறுத்த இடம் இல்லன்னீங்க. நம்மகிட்ட வண்டியே இல்ல.

— வர்றவங்களுக்கு இருக்கும்ல. சரி, சார்ட்டைப் பாரு. பதினேழாவது வரி. ஹாஸ்டல்ல உனக்கு எந்தப் பக்கத்து ரூம் கேக்கறது? வெளிச்சம் இருந்தா உனக்குத் தூக்கம் வருமா, வராதா?

— வராதுப்பா.

— அப்படின்னா மேற்குப் பக்கம். எழுதிக்கறேன்.

— இருபத்தி நாலு வருஷமா இதே வீட்லதான் தூங்கறா. இன்னிக்குத்தான் கேக்கறீங்க.

— நீ குறுக்க பேசாத. நேத்து என் தம்பி போன் பண்ணினான். பொண்ணு என்ன படிக்கப் போறான்னான். சொன்னேன். மனசைப் படிக்கறவளா, அப்போ நான் இப்ப என்ன நெனக்கறேன்னு சொல்லச் சொல்லுங்கறான்.

— சொல்லியிருக்கலாமே. சித்தப்பா எப்பவும் அடுத்த வேளைச் சாப்பாட்டைத்தான் நெனப்பார்.

— சிரிக்காத. நூறு வருஷக் கட்டடத்துக்குப் போறான்னு சொன்னா அவன் வாயைத் திறக்க மாட்டான். அந்த மூணாவது மாடியைச் சொன்னா என்ன மரியாதை? காத்திருக்கற அறையில கடிகாரம் ஆறு நிமிஷம் பின்னாடி ஓடுது. ஒருத்தரும் திருத்தறதில்ல. நேரத்தைக் குறைச்சு நிறுக்கறவன் எதையும் குறைச்சுதான் நிறுப்பான்.

— அப்பா.

— என்ன?

— அந்த அறை உள்பக்கமா இருக்கு. தெருவுலேர்ந்து தெரியாது.

— விசாரிச்சேன்.

— யார்கிட்ட?

— பொறுப்புள்ள தகப்பன் நாலு இடத்துல விசாரிப்பான்.

— கடிகாரம் ஆறு நிமிஷம் லேட்டுன்னு நாலு இடத்துலயும் சொன்னாங்களா?

— கண்ணு, அவரைக் கேக்காத, என்னைக் கேளு. உங்கப்பா ஏழு மாசமா, செவ்வாய்க்கிழமைன்னா பத்தரை மணிக்கு, நான் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டு நூலகத்துக்குன்னு கிளம்பறார். செவ்வாய்க்கிழமை நூலகம் லீவு.

— இது உனக்கு எப்பத் தெரியும்?

— ஏழு மாசமாத் தெரியும். நூலக அட்டை என் பேர்லதான் இருக்கு.

— பின்ன ஏன் என்கிட்ட கேக்கல?

— திரும்பி வரும்போது நல்ல மூஞ்சியோட வந்தீங்க. அது எந்தக் கடையில வாங்கினதா இருந்தா எனக்கென்ன? கேட்டுக் கெடுத்துக்க நான் என்ன பைத்தியமா?

— அந்த வார்த்தையை இனிமே இந்த வீட்ல சொல்லாத.

— ஏன், என்ன ஆச்சு?

— சொல்றேன். கதவைச் சாத்து.

— சாத்தித்தான் இருக்கு.

— ஜன்னலை.

— இஸ்திரிச் சூட்டுல நான் வேகவா? திறந்தே இருக்கட்டும், சொல்லுங்க.

— ரிடையர் ஆனதும் நெஞ்சுல ஒரு அடைப்பு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? இருதய டாக்டர் மூணு தடவை பாத்தார். உங்க இருதயம் இருபது வயசு ஆளு மாதிரி ஓடுதுன்னார். ஒரு சீட்டு எழுதிக் குடுத்து, இந்த மூணாவது மாடிக்குப் போங்கன்னார். கோவம் வந்துச்சு. ஒரு மாசம் அதைப் பர்ஸ்லயே வெச்சிருந்தேன்.

— அப்புறம் எப்படிப்பா போனீங்க?

— ஒரு நாள் கடைத்தெருவுல நடந்தேன். முப்பத்தி நாலு வருஷம், நான் நுழைஞ்சா அந்தத் தெரு முழுக்கத் தராசு முள்ளு நேரா நிக்கும். அன்னிக்கு ஒருத்தனும் தலை தூக்கல. வெங்காயக்காரன் என் கண்ணு முன்னாடியே தட்டுல கட்டைவிரலை வெச்சு அழுத்தி நிறுக்கறான். நிறுத்துட்டு, என்ன பெரியவரே, உங்களுக்கும் ஒரு கிலோ போடவான்னு கேக்கறான். நெஞ்சு அடைச்சுக்கிச்சு. நேரா போய் அந்தப் படியில ஏறிட்டேன்.

— அங்க என்ன பண்ணாங்க?

— ஒண்ணும் பண்ணல. நான் பேசினேன்.

— நீங்க பேசினீங்களா? என்கிட்ட முப்பது வருஷமா உப்பு, சட்டை, மணி என்ன. இந்த மூணு வார்த்தையில குடும்பம் நடத்தியிருக்கேன்.

— அந்தப் பொண்ணு உன்னை விடச் சின்னவ பாப்பா. ரெண்டாவது வருஷம் படிக்கறா. பேனா மூடியைக் கழட்டிக் கழட்டி மாட்டுவா. இந்தக் குழந்தைகிட்ட என்னத்தைச் சொல்றதுன்னு முதல் நாள் சும்மா உக்காந்திருந்தேன். அவளும் சும்மா இருந்தா. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் அதுக்கு முன்னாடி யாரும் காத்திருந்ததில்ல. பயந்துக்கிட்டு, பாதியிலயே சரிங்க ஐயான்னு சொல்லிடுவாங்க.

— இதுக்கா ஜன்னலைச் சாத்தச் சொன்னீங்க?

— இல்ல. இனிமேதான் ஜன்னல் விஷயம். ஃபாரத்துல பேர் எழுதச் சொன்னாங்க. நம்ம வம்சத்துல யாரும் அந்த மாதிரிப் படியில கால் வெச்சதில்ல. ஊர்ல எங்கப்பாவுக்கு என்ன பேர், அவரோட அப்பாவுக்கு என்ன பேர். அதனால உன் அண்ணன் பேரை எழுதிட்டேன்.

— எந்த அண்ணன்?

— உனக்கு இருக்கறது ஒருத்தன்தானே.

— எங்கண்ணன் பேரையா? தலைவலின்னுகூட ஒரு நாள் படுத்ததில்லயே அவரு. உங்க வம்சம் ஏறக் கூடாத படியில எங்க வம்சம் ஏறலாமா?

— உங்க வம்சத்துக்கு அது ஏத்தம்தானே.

— பாத்தியா கண்ணு. இவருக்கு உடம்பு சரியாயிடுச்சு. பழைய கொழுப்பு அப்படியே திரும்பி வந்துடுச்சு.

— நாலாவது வாரமே திருத்திட்டேன். என் சர்வீஸ்லயும் சரி, வெளியிலயும் சரி, நான் போட்ட ஒரே போலி முத்திரை அதுதான். தாங்கல. அந்தப் பொண்ணுகிட்ட போய், இது என் பேர் இல்லம்மா, என் மச்சான் பேருன்னேன். அவ சிரிக்கல. புது ஃபாரம் ஒண்ணு எடுத்துக் குடுத்தா.

— சிரிக்காம இருந்தாளா? அதுக்கே அவளுக்குப் பட்டத்தைக் குடுத்துடலாம்.

— அப்பா, நான் அங்க சேர்ந்தா உங்களைப் பாத்துடுவேன்னுதான் வேண்டாங்கறீங்களா?

— முதல்ல அப்படித்தான் நெனச்சேன். மகளுக்கு முன்னாடி தலை குனிஞ்சு அந்தப் படியில இறங்கணுமேன்னு. அப்புறம் ஃபாரத்தைத் திரும்பப் படிச்சேன். பதினோராவது பத்தி. அங்க படிக்கறவங்களோட நெருங்கின சொந்தத்துக்கு அங்க சிகிச்சை கிடையாது. நீ சேர்ந்தா நான் நிறுத்தியாகணும்.

— வேற இடம் பாக்கலாமேப்பா.

— பாக்கலாம். வெங்காயக்காரன் கட்டைவிரல்லேர்ந்து மறுபடி சொல்ல ஆரம்பிக்கணும். அந்தப் பொண்ணுகிட்ட பாதி ஆறு தாண்டிட்டேன். நடு ஆத்துல ஓடத்தை மாத்தறதுக்கு எனக்குத் தைரியம் வரல.

— அதான் கைப்பிடி, கடிகாரம், வண்டின்னு தினம் ஒண்ணாக் கொண்டு வந்தீங்களா? கண்ணு, இவர் பேச்சைக் கேட்டு நானும் அந்தப் படிக்கட்டுல உன்னை அனுப்ப பயந்துட்டிருந்தேன்.

— கைப்பிடி ஆடறது நிஜம்தான். ஆனா அது காரணம் இல்ல. பத்து நாளா நானும் தட்டுல கட்டைவிரலை வெச்சுதான் நிறுத்துட்டிருந்தேன். அந்த வெங்காயக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? எடுத்துட்டேன். பாப்பா, மணி நாலே முக்கால். பொண்ணு படிப்புக்குக் குறுக்க நின்னான்னு இந்தக் குடும்பத்துல யாருக்கும் பேர் வந்ததில்ல. எனக்கும் வர வேண்டாம். நீ அந்த மூணாவது மாடியிலயே சேரு. செவ்வாய்க்கிழமை நான் வேற ஏதாவது பண்ணிக்கறேன்.

— முடியாதுப்பா.

— ஏன்? நானே சொல்றேன்ல. கைப்பிடியை நாளைக்கே ஆள் வெச்சு முடுக்கிடலாம்.

— அவங்களுக்கு வரலன்னு எழுதிட்டேன். பல்கலைக்கழகத்துக்கு வரேன்னு எழுதிட்டேன்.

— எப்போ?

— பத்து நாள் முன்னாடி.

— என்னது? அப்போ இந்தச் சார்ட்டு?

— அழகா இருக்குப்பா. நான் எடுத்துட்டுப் போறேன்.

— எனக்காக விட்டுக் குடுத்தியா? எனக்கு யாரும் எதையும் விட்டுக் குடுக்க வேண்டாம். நான் அப்படி வளர்ந்தவன் இல்ல.

— விட்டுக் குடுக்கல. கேளுங்க. மூணாவது மாடியில நேர்காணல் அன்னிக்கு, படிக்கச் சொல்லி ஒரு பக்கம் குடுத்தாங்க. ஒருத்தர் அங்க வந்து பேசினது. பேர், தொழில் எல்லாத்தையும் மாத்தியிருந்தாங்க. இவருக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லுன்னாங்க.

— ஃபாரத்துல ஒம்பதாவது பத்தி. படிப்புக்குப் பயன்படுத்திக்கலாம்னு நான்தான் கையெழுத்து போட்டேன்.

— நாலு வரி படிக்கறதுக்குள்ள தெரிஞ்சு போச்சு. பேப்பரைக் கவுத்து வெச்சுட்டு, இவர் எனக்குத் தெரிஞ்சவர், வேற குடுங்கன்னேன். குடுத்தாங்க.

— நாலு வரியோட கவுத்து வெச்சுட்டியா?

— வெச்சுட்டேன்.

— மிச்சத்தைப் படிக்கல?

— இல்லப்பா.

— அது போதும். அந்த மூணாவது பலகையில இனிமே நீ என்ன போட்டுக்கிட்டாலும் எனக்குச் சம்மதம்.

— வேற பக்கம் குடுத்தாங்களே, அதுக்கு நல்லாத்தான் பதில் சொன்னேன். ஆனா இருபத்தி நாலு வருஷம் உங்க பக்கத்துலயே இருந்தும் நீங்க சொல்லாதது எனக்குக் கேக்கல. ஆறு மாசத்துல ஒரு ஆளுக்கு எதிர்ல உக்காந்து நான் என்னத்தைக் கேட்டுடப் போறேன்? எனக்கு அந்த ரெண்டு வருஷம் வேணும்ப்பா. அந்த ஹெட்போன் வேணும். இந்தப் பத்து நாளும் நான் உங்களை எதிர்த்துப் பேசினதுல ஒரு வார்த்தைகூட நான் நம்பிச் சொன்னது இல்ல.

— கண்ணு, அந்த நாலு வரியில என்ன இருந்துச்சு?

— அப்பா, சொல்லலாமா?

— சொல்லு. உங்கம்மாவுக்குத் தெரியாம இனி என்ன இருக்கு?

— இப்படி இருந்துச்சும்மா: என் பொண்ணு காலையில வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பு போட்ட பிறகும் வாசல்ல அரை நிமிஷம் நிப்பா. அவகிட்ட ஏதாவது கேக்கணும்னு எனக்கு இருக்கும். என்ன கேக்கறதுன்னு தெரியாது. கையில இருக்கற பேப்பரைத் திருப்பிடுவேன். அவ்வளவுதான் படிச்சேன்.

— ஆமா. சொன்னேன்.

— அப்போ அன்னிக்கே உள்ளதைச் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? பத்து நாளா எதுக்குடி என் மேசையை அடைச்சு வெச்சே?

— சொல்லத்தாம்மா வந்தேன். ரெண்டு கடிதத்தையும் மேசை மேல வெச்சதும் அப்பா என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார். மறுநாள் நாலு கேட்டார். பதில் சொல்லிட்டா கேக்கறதை நிறுத்திடுவாரோன்னு பயந்துட்டேன்.