குளத்தடியில் கிடந்த நீல ஓவரால்

என் பெயர் விக்டோரியா. கணவர் பெயர் ஆரோக்கியநாதன். எனக்கு வயது ஐம்பத்தொன்பது. சிரம்பான், லோபாக்கில் சந்தைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடி வீட்டில் கணவரோடு குடியிருக்கிறேன். சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஒரே மகள் கிளாரிஸ் மணமாகிக் கெமாஸில் இருக்கிறாள். மலாய் எனக்கு நன்றாகப் பேச வரும். ஆனால் இந்த விஷயம் தமிழில் சொன்னால்தான் சரியாக வரும் என்று நான் கேட்டுக்கொண்டதால், போலீஸ் சார்ஜன் முகுந்தன் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார். என்னை யாரும் மிரட்டவில்லை. தேநீர் கொடுத்தார்கள், சீனி அதிகம்.

என் கணவர் புக்கிட் கெலாடி எஸ்டேட்டில் பிறந்தவர். அங்கே முன்பு ரப்பர், இப்போது செம்பனை. எஸ்டேட்டின் பின்பக்கம் உள்ள பெரிய குளத்தில் பழைய எஸ்டேட் குடும்பங்கள் மீன் பிடிக்க மேனேஜர் அனுமதி கொடுத்திருக்கிறார். என் கணவர் நான் வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்த்தவர். கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை என்றால் அவருக்குக் குளம்தான், எனக்கும் வேறு போக்கில்லை, கூடவே போவேன்.

அதன் பிறகு அவர் ஒரு சோனார் கருவி வாங்கினார். படகின் அடியிலிருந்து தண்ணீருக்குள் சத்தம் அனுப்பி, அது எதில் பட்டுத் திரும்புகிறதோ அதைத் திரையில் காட்டும் கருவி அது. அதனால் நன்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆழம் எங்கே, சேறு எங்கே, முழுகிப்போன பழைய ரப்பர் கட்டைகள் எங்கே என்று அது சொன்னதால் எங்கள் படகு ஒருநாளும் மோதியதில்லை. ஆனால் வருஷம் போகப்போக இவர் தண்ணீரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரையை மட்டும் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் திரையில் மீன் கூட்டம் தெரிகிறது என்று காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கடிக்கவில்லை, இடத்தை மாற்றவும் சம்மதிக்கவில்லை. "மீன் இருக்குன்னுதான் அது சொல்லுது, மீனுக்குப் பசிக்குதுன்னு சொல்லலையே" என்றேன். அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை.

அதன் பிறகு அவருக்குக் கண்ணில் பிரஷர் என்று சொல்லி, ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. சோனாரை யோகேந்திரனுக்குச் சும்மா கொடுத்துவிட்டார். யோகேந்திரன் தொழிற்சாலையில் அவருக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட பையன், எங்களுக்குத் தம்பி மாதிரி. "திரையே தெரியல, இனி நமக்கு எதுக்குலா கொளம்" என்று சொல்லிவிட்டு என் கணவர் கட்டிலில் படுத்தவர்தான். சவரம் செய்வதில்லை, கோயிலுக்கு வருவதில்லை, ரேடியோகூடப் போடச் சொல்வதில்லை. நான் வைக்கும் சோற்றைப் பாதியில் ஒதுக்கிவிடுவார். எனக்குப் பயமாக இருந்தது. கண் போனதற்கு நான் அவ்வளவு அழவில்லை, அவர் இப்படிப் படுத்ததற்குத்தான் அழுதேன்.

அதன் பிறகு, போன வருஷம் மார்ச் மாதத்தில், கிளாரிஸ் அவரைச் சில நாள் கெமாஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த நேரத்தில்தான் நான் இந்தக் காரியத்தைச் செய்தேன். போர்ட்டிக்ஸன் கடலில் மீன்பிடிப்பவர்கள் தென்னை ஓலையைக் கல்லோடு கட்டி இறக்குவார்கள், மீன் அதில் வந்து அடையும். அதை உஞ்சாம் என்பார்கள். அதேபோல ஒன்றை எஸ்டேட் குளத்தில் பலகைத் துறைக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தால், இவர் திரை இல்லாமல் தூண்டில் போட்டாலும் மீன் விழும் என்று நினைத்தேன். எஸ்டேட்டில் கிடைப்பது செம்பனை மட்டைதான், அதில் முள் இருக்கும், கையைக் கிழிக்கும். அதனால் என் கணவர் வேலைக்குப் போட்டுப்போன, சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த பழைய நீல நிற ஓவராலை எடுத்து, அதற்குள் மட்டையையும் கொய்யாக் கிளையையும் திணித்தேன். கிளைகள் வெளியே போகாமல் இருக்கக் கைகளிலும் திணித்துக் கட்டினேன். கால்களில் செங்கல் போட்டேன். ஆள் மாதிரி இருக்கிறதே என்று அப்போதே எனக்குத் தோன்றியது. தண்ணீருக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அதைப் படகில் ஏற்றி நானே துடுப்புப் போட்டுக் கொண்டுபோய்த் தள்ளினேன். யாரும் உதவவில்லை. எனக்கு நீச்சல் தெரியுமா என்று சார்ஜன் கேட்டார், தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேனா என்று கேட்டார், இல்லை. அந்தோணியார் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுப் போனேன்.

அதன் பிறகு கணவர் திரும்பி வந்ததும், காற்றாவது வாங்கலாம் என்று சண்டை போட்டுக் குளத்துக்கு அழைத்துப்போனேன். முதல் இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் தூண்டிலை இழுத்தது. உள்ளங்கை அகலத் திலாப்பியா. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "விக்டோரியா, கண்ணில்லாம பிடிச்சேன் பாத்தியா" என்றார். பார்த்தேன் என்று சொன்னேன். மறுநாள் அவராகவே சவரம் செய்துகொண்டார், பூசைக்கும் வந்தார். அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமையும் நாங்கள் விட்டதில்லை. துறையில் ஏறியதும், "எந்தப் பக்கம் போடட்டும்?" என்று கேட்பார். "உங்க இஷ்டம்" என்று சொல்லிக்கொண்டே தோளைப் பிடித்து இடது பக்கமாகத் திருப்பிவிடுவேன். அதைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இடையில் ஒருமுறை அவர் தூண்டில் அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. நான் விடுவிக்க வந்தபோது, "நீ போய் காரிலேருந்து கோப்பி எடுத்துட்டு வா" என்றார். நான் வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது, தூண்டில் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். அதிலிருந்து அந்தப் பெட்டியை என்னைத் திறக்கவிடுவதில்லை, கொக்கி குத்திவிடும் என்பார். முப்பது வருஷம் குத்தாத கொக்கி இப்போது குத்துமா என்று கேட்டுவிட்டு நானும் விட்டுவிட்டேன்.

யோகேந்திரனும் சனிக்கிழமைகளில் படகில் வருவான். அவனிடம் இருந்த எங்கள் பழைய கருவியில் அந்த இடம் வெறும் மேடாகத்தான் தெரிந்தது, கட்டை என்று நினைத்துக்கொண்டான். இந்த மாதம் அவன் படம் போலத் தெளிவாகக் காட்டும் புதிய சோனார் ஒன்றை வாங்கினான். நேற்றுக் காலை அதைப் போட்டுக்கொண்டு துறைப்பக்கம் வந்தவன் முகம் வெளுத்துப்போய்க் கத்தினான்.

"அண்ணே, கீழ ஆள் கெடக்கு. கை கால் எல்லாம் தெரியுது."

"கட்டையா இருக்கும் தம்பி" என்று நான் சொன்னேன்.

"கட்டைக்கு ஏது அண்ணி கை? மெஷின் பொய் சொல்லாது."

அப்போது என் கணவர், "யோகா, மெஷின ரொம்ப நம்பாத. அது உருவத்ததான் காட்டும், என்னான்னு அதுக்குத் தெரியாது. விட்டுட்டுப் போலா" என்றார். சோனாரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்குப் போகிற மனுஷன் அவர். அவர் வாயிலிருந்து இதைக் கேட்டு நான் ஆச்சரியப்பட்டேன், அந்த நேரத்தில் பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் யோகேந்திரன் அதற்குள் போலீசுக்கு ஃபோன் போட்டுவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆள் கிடக்கிறது என்று நினைத்தால் கூப்பிடத்தான் வேண்டும்.

உண்மையை அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று சார்ஜன் கேட்டார். என் கணவர் பக்கத்தில் நின்றார், அதனால் சொல்லவில்லை. மீனை நான் சேர்த்துவைத்தேன் என்று தெரிந்தால் அவர் மறுபடியும் கட்டிலில் போய்ப் படுத்துவிடுவார். அதற்குப் பதில் என்னை லோக்கப்பில் போட்டாலும் பரவாயில்லை என்று நின்றேன்.

அதன் பிறகு தீயணைப்புப் படையினர் முழுகி ஓவராலை மேலே கொண்டுவந்தார்கள். கழுத்து வழியாகச் சின்ன மீன்கள் துறைப் பலகையில் கொட்டித் துள்ளின. "என்னா அது?" என்று என் கணவர் கேட்டார். பழைய துணி மூட்டை என்றேன். "அப்படியா" என்றார். எதையும் பத்துத் தடவை கேட்கிறவர், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஓவராலில் அச்சடித்திருந்த தொழிலாளி எண்ணை வைத்து அது என் கணவருடையது என்று கண்டுபிடித்து, இன்று எங்கள் இருவரையும் நிலையத்துக்கு அழைத்தார்கள். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

ஓவராலை எனக்குக் காட்டினார்கள், அடையாளம் சொன்னேன். நெஞ்சுப் பக்கத்தில் பெயர்ப்பட்டை பிய்ந்திருந்தது. அடையாளம் தெரியக்கூடாது என்று நான்தான் பிய்த்தேனா என்று சார்ஜன் கேட்டார். நான் பிய்க்கவில்லை. நான் இறக்கும்போது பட்டை இருந்தது. அது கெட்டியாகவும் இருந்தது, ஏனென்றால் ஒருமுறை தையல் விட்டபோது வீட்டில் நூல் இல்லாமல் அவருடைய தூண்டில் நரம்பால் நானே தைத்தேன். அது எங்கே போனது என்று எனக்குத் தெரியாது என்று பதில் சொன்னேன்.

அதன் பிறகு, நேற்றுத் துறையிலிருந்து போலீசார் எடுத்துவந்த எங்கள் சாமான்களைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் சரிபார்க்கச் சொன்னார்கள். நான் தூண்டில் பெட்டியைத் திறந்தேன். கொக்கிகளும் ஈயக்குண்டுகளும் இருந்தன. அவை இருந்த தட்டைத் தூக்கினால், அடியில் அவருடைய கைக்குட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் பெயர்ப்பட்டை இருந்தது. எழுத்துகள் கைக்குத் தட்டுப்படும்படி நூலால் மேடாகத் தைத்தவை. ஓரத்தில் என் தூண்டில் நரம்புத் தையல் அப்படியே இருந்தது.

என்னைக் கோப்பி எடுத்துவர அனுப்பிய அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இவ்வளவு நாள் எந்தப் பக்கம் போடட்டும் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

சார்ஜன் பட்டையை ஓவராலில் கிழிந்த இடத்தில் வைத்துப் பார்த்தார், பொருந்தியது. பட்டை விசாரணைக்குத் தேவையில்லை என்று என்னிடமே கொடுத்தார். நான் அதை அதே கைக்குட்டையில் மடித்து, அதே தட்டுக்கு அடியில் வைத்து மூடினேன். அந்த நேரத்தில் என் கணவர் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து, "விக்டோரியா, தூண்டில் பெட்டியத் தொறந்தாங்களா?" என்று கேட்டார். நான் எழுந்துபோய், "இல்லங்க, மூடினபடியேதான் இருக்கு" என்று சொல்லி, அவரைத் திரும்ப பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்தேன்.

விசாரணை முடிந்ததும் ஓவராலை எனக்குத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமைக்கு முன்னால் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இந்த வாக்குமூலத்தை என் கணவர் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, திருத்த ஒன்றுமில்லை. இந்த அறைக்குள் நான் சொன்னதெல்லாம் உண்மை. வாசலில் என் கணவரிடம் சொன்னது மட்டும் பொய்.

(ஒப்பம்)
ஆ. விக்டோரியா

எழுதிப் படித்துக் காட்டியவர்: சார்ஜன் முகுந்தன்