சாதனையிலிருந்து இரட்சியும்

— கையைத் தூக்குடா. அல்லேலூயா சொல்லும்போது மட்டும் ரெண்டு கையும் தானா மேல போகுது. அளவெடுக்கிறேன்னா மரக்கட்டை மாதிரி நிக்கிறே.

— வாயில குண்டூசியை வெச்சுக்கிட்டுப் பேசாதேக்கா. முழுங்கிடப் போறே.

— முழுங்கினா என்ன, நீதான் இருக்கியே. தலையில கை வெச்சு ரெண்டு அதட்டு அதட்டினா ஊசி தானா வெளிய வந்துடாது? மூச்சை விடுடா, எவ்வளவு நேரம்தான் வயித்தை எக்கிக்கிட்டு நிப்பே! வாராவாரம் வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறவனுக்கு எப்படிடா இப்படித் தொப்பை போட்டுது?

— கர்த்தர் கொடுத்த சரீரம்க்கா.

— பாவம், அவர் மேல பழியைப் போடாதே. அது சனிக்கிழமை நீயா சேர்த்தது. இந்தக் கோட்டு உன் கல்யாணத்துக்கு நான் தெச்சது. பிரிச்சு விடறதுக்கு உள்ள துணியே இல்லை. என்னிக்கு வேணும்?

— நாளைக்குக் காலையில. பத்து மணிக்கு விழா.

— மூணாவது தடவையா கேக்கிறேன். என்ன விழா? ஒவ்வொரு தடவையும் இருமுறே.

— கம்பெனியில ஒரு விருது. எனக்கு.

— உனக்கா! லிஃப்ட் லிஃப்ட்டா ஏறி இறங்கி, இது இறுகலை, அது தேஞ்சிருக்குன்னு எழுதி, இருபத்திரண்டு வருஷமா மேனேஜர் மேனேஜரா அழவெச்சவனுக்கா? என்ன பேரு அந்த விருதுக்கு?

— ...

— வாய்க்குள்ள சொன்னா எனக்கு எப்படிக் கேக்கும்?

— சாதனையாளர் விருது.

— நில்லு, நில்லு. ஊசியைத் துப்பிட்டு வந்துடறேன், நெஜமாவே முழுங்கிடுவேன். சாதனையா! டேய், உனக்கா சாதனை!

— தெரியும். இதுக்காகத்தான் இருமினேன்.

— அஞ்சு வயசுடா உனக்கு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரும் முழங்கால்ல நிக்கிறோம். அப்பா உன்னை ஜெபம் சொல்லச் சொல்றார். 'எங்களைச் சோதனையிலிருந்து இரட்சியும்'னு சொல்லணும். நீ கணீர்னு, 'எங்களைச் சாதனையிலிருந்து இரட்சியும்'னே. அம்மா முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டாங்க. அப்பா ஓங்கின கையை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியாம தலையைச் சொறிஞ்சார்.

— நாப்பத்தஞ்சு வருஷமா இதையே சொல்றே.

— ஏன் சொல்ல மாட்டேன்? நம்ம வீட்டுல ஏறெடுத்த ஜெபத்துலயே, ஒரு எழுத்து பிசகாம பலிச்சது அது ஒண்ணுதானே. யாராவது எதையாவது சாதிச்சோமா? சித்தப்பா அஞ்சு தடவை டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போய், அஞ்சாவது தடவை டெஸ்ட் எடுத்தவரையே இடிச்சார். நான் பேஷன் டிசைனர் ஆகப் போறேன்னு கிளம்பி, ஊர்ல இருக்கிற பேன்ட்டுக்கெல்லாம் ஜிப் மாத்திக்கிட்டிருக்கேன். நீ கண்ணாடிக் கட்டடத்துல வேலைக்குப் போய், கீழ பேஸ்மென்ட்டுல பழைய ஃபைலுக்கு நடுவுல உக்காந்திருக்கே. பரிசுத்தவானே, உன் வாய் முகூர்த்தம்டா எல்லாம்!

— இனிமே பேஸ்மென்ட் இல்லைக்கா. மேல போறேன். தலைமைச் சோதனையாளர். வீடும் கொடுக்கிறாங்க. தரைத்தளம்.

— இரு, டேப் சிக்கிக்கிச்சு. தரைத்தளமா?

— படியே கிடையாது. வாசல் வரைக்கும் சமதரை. என் பொண்டாட்டி வீட்டை விட்டு வெளிய வந்து மூணு மாசம் ஆச்சுக்கா. போன வாரம் எப்படியாவது சபைக்கு வரணும்னு கிளம்பினா. ரெண்டாவது மாடியில உக்காந்து அழுதா. இறங்கவும் முடியலை, திரும்ப ஏறவும் முடியலை. நானும் எதிர்வீட்டுக்காரரும் நாற்காலியில வெச்சுத் திரும்ப மேல தூக்கிட்டுப் போனோம். முழங்கால் ரெண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கு.

— ஊரெல்லாம் லிஃப்ட்டைச் சோதிக்கிறவன். பொண்டாட்டி லிஃப்ட் இல்லாத வீட்டுல நாலாவது மாடி. நான் அப்பவே சொன்னேன், என் வீட்டுக்கு வந்துடுங்கடான்னு. தரைத்தளம், ரெண்டு ரூம், நான் ஒருத்தி.

— சொன்னே. அதோட, 'என் வீட்டுல பாட்டு கூடாது, ஜெபம் கூடாது, பைபிளைப் பைக்குள்ள வெச்சுக்கோ'ன்னும் சொன்னே. ஜெபம் இல்லாத வீட்டுல நான் எப்படிக்கா இருக்கிறது?

— அதானே. நீ முழங்கால் போடறதுக்காக அவ முழங்கால் போகட்டும்! நல்ல விசுவாசம்டா சாமி.

— குத்தாதேக்கா.

— ஊசி பட்டுதா?

— ஊசி இல்லை.

— சரி, திரும்பு. உன் ஜூனியர் மூணு பேர் உன்னைத் தாண்டி மேல போயாச்சு. போன வருஷம் வரைக்கும் உனக்கு ஃபேன் கூடக் கொடுக்கலை. இப்ப என்ன திடீர்னு பாசம் பொங்குது?

— கர்த்தருடைய வேளை வந்துடுச்சு. போதகரே சொல்லிட்டார்.

— ஓ, அவர்கிட்ட வேற கேட்டாச்சா! என்ன சொன்னார்?

— 'உன்னை மேல தூக்க ஆண்டவரே லிஃப்ட் அனுப்பியிருக்கார், ஏறாம படிக்கட்டுல நிக்காதே'ன்னார். ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி நின்னு, கர்த்தர் எனக்குச் செஞ்சதைச் சாட்சி சொல்லவும் பேர் கொடுத்துட்டார். ஏழு நிமிஷம்.

— வேலை கைக்கு வரலை, அதுக்குள்ள சாட்சியா? கண்ணாடி முன்னாடி ஒத்திகை பார்த்திருப்பியே?

— ஒரு தடவைதான்.

— அழற இடம் எங்க வருது?

— ஆறாவது நிமிஷம்.

— கடவுளே, இந்த ஆளுங்களை எப்படித்தான் நீர் பொறுத்துக்கிறீரோ! போன் அடிக்குது பாரு. எடு. ஆடாம எடு, ஊசி குத்தியிருக்கேன்.

— சார்... ஸ்தோத்திரம் சார்... இல்லை, வணக்கம் சார். டெய்லர் கடையில சார். கோட்டு... ஆமா சார், போட்டோ எல்லாம் எடுப்பாங்கன்னுதான்... தாளா? என்கிட்டதான் இருக்கு சார். இன்னும்... இல்லை சார், மாட்டேன்னு சொல்லலை. நாலு மணிக்குள்ள. சரி சார். புரியுது சார். விழாவும் அதைப் பொறுத்துத்தான். புரியுது சார்.

— என்ன தாள்?

— ஆபீஸ் விஷயம்க்கா.

— நெஞ்சுகிட்ட ஏதோ மொடமொடங்குதேன்னு அப்பவே பார்த்தேன். லைனிங்தான் மடங்கியிருக்குன்னு நினைச்சேன். எடுடா உள்பையிலேருந்து.

— அக்கா, வேண்டாம்.

— கையைக் கீழ போட்டே, அக்குள்ல ஊசி ஏறிடும். அப்படியே நில்லு. எங்க என் கண்ணாடி... 'ஆறு மாடிக் கண் ஆஸ்பத்திரி. இரண்டாம் லிஃப்ட். அவசர பிரேக்.' பக்கத்துல ரெண்டு கட்டம். 'பார்த்தேன்'. 'சோதித்தேன்'. இது என்னடா ரெண்டு?

— பார்க்கிறது கண்ணால. சோதிக்கிறதுன்னா, மணல் மூட்டை ஏத்தி, ஓட விட்டு, கயிறு அறுந்தா பிரேக் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்குதான்னு பார்க்கணும். பிடிச்சா கையெழுத்து.

— அப்புறம் முதல் ஆளா நீயே ஏறிப் போவே. அது தெரியும். இதுல 'சோதித்தேன்'க்குக் கீழ கையெழுத்து இருக்கு. உன்னோடதுதான், அந்தச் சுழி எனக்குத் தெரியாதா. பிடிச்சுதா?

— தாளைக் கொடுக்கா.

— டேய், பிரேக் பிடிச்சுதா?

— பிரேக்கே இன்னும் வரலைக்கா. ஆர்டர் போட்டிருக்கு. அடுத்த வாரம் வந்துடும். நாளைக்கே ஆஸ்பத்திரி திறக்கிறாங்க, தள்ளி வைக்க முடியாதாம். கயிறு புத்தம் புதுசு. ஒரு வாரத்துல என்ன ஆயிடப் போகுது?

— இரு, வெளிச்சத்துல காட்டறேன். இது பேனா இல்லையே. பென்சில்! டேய், பென்சில்லயா கையெழுத்துப் போட்டிருக்கே?

— சும்மா... போட்டா எப்படி இருக்குன்னு...

— பாவத்தைப் பென்சில்ல எழுதிப் பார்க்கிறியா! அட அட அட! ஊர் உலகத்துல எவனும் பண்ணாத வேலைடா இது. ஆண்டவர் எட்டிப் பார்த்தா, 'பென்சில்தானே, சும்மா விடுங்க'ன்னு தேவதூதர்கிட்ட சொல்லுவார்னா?

— சிரிக்காதேக்கா. மூணு நாளா தூங்கலை.

— தப்பு பண்றதையாவது ஒழுங்கா பண்ணு. இந்தா, நீலப் பேனா. இதுமேலயே எழுது. தரைத்தளம், சமதரை, விருது, ஏழு நிமிஷ சாட்சி. எழுதுடா. என்ன, மூடியையே திறக்க மாட்டேங்கிறே? கயிறு புதுசுதானே?

— உன்கிட்ட எதுக்கு வந்தேன் தெரியுமா? எங்க தெருவுலயே மூணு டெய்லர் இருக்காங்க.

— நான் சும்மா தெச்சுக் கொடுப்பேன்னு.

— இல்லை. நீதான் விசுவாசத்தை விட்டவளாச்சே. 'போட்டுத் தொலைடா, பைத்தியக்காரா, பொண்டாட்டியைப் பாரு'ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு வந்தேன். சொல்லிட்டா, பாதிப் பாவம் உன் தலையில போயிடும். மீதியை நான் எப்படியாவது தாங்கிக்குவேன்.

— அடப்பாவி! சாத்தான் வேலைக்கு ஆள் வேணும்னு என்னைத் தேடி வந்தியாடா? பஸ் ஏறி?

— தப்புதான்.

— தப்பா? இந்த வாய் உன்னை எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், பொய் சொல்லுடான்னு சொல்லியிருக்கா? சொல்லு!

— இல்லைக்கா. அழாதே.

— நான் அழலை. எனக்குக் கோவம் வருது. பதினொரு வருஷத்துக்கு முன்னாடி உங்க மாமா, என் புருஷன், செத்த அன்னிக்கு உன் சபை மொத்தமும் என் வீட்டுக்கு வந்துது. 'இது உனக்கு வந்த சோதனை'ன்னா ஒருத்தி. 'இன்னும் கொஞ்சம் ஊக்கமா ஜெபம் பண்ணியிருந்தா பிழைச்சிருப்பார்'னார் உங்க போதகர். பிணம் கூடத்துல கிடக்குது, என் விசுவாசத்துக்கு மார்க் போடறாங்க. அத்தனை பேரையும் வாசலுக்கு வெளிய தள்ளினேன். நீ மட்டும் போகலை. ஞாபகம் இருக்கா?

— பாத்திரம் நிறைய கிடந்துது.

— ஆமா. ஒரு வசனம் சொல்லலை. உள்ள போய் அத்தனை பாத்திரத்தையும் கழுவிக் கவுத்து வெச்சே. நாலு நாள். அதுக்கப்புறம் சபை, கோயில், மணியோசை எல்லாம் எனக்கு அத்துப் போச்சு. ஆனா எங்கயாவது புதுக் கட்டடத்துல லிஃப்ட்ல ஏறினேன்னா, உள்ள ஒட்டியிருக்கிற தாள்ல உன் சுழியைத் தேடுவேன். இருந்தா ஏறுவேன். இல்லைன்னா படியில போவேன். இந்த வயசுல, மூச்சு வாங்க.

— நீ சொன்னதே இல்லையே.

— உன்கிட்ட சொன்னா அதையும் சாட்சியில சேர்த்துடுவே. டேய், அது கண் ஆஸ்பத்திரிடா. கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு ஏறுவாங்க. அந்தத் தாளைப் படிக்கக்கூட முடியாது அவங்களால. நீயும் இப்படிப் போயிட்டா நான் யாரைடா கிண்டல் பண்ணுவேன்?

— ரப்பர் இருக்கா?

— அந்த டப்பாவுல, பொத்தானுக்கு அடியில. மெதுவா, தாள் கிழிஞ்சுடும். அழுத்தித் தேய். சுழி இன்னும் தெரியுது.

— போயிடுச்சு.

— நாலாகப் பத்து நிமிஷம் இருக்கு. போன் பண்ணு.

— சார், நான்தான். சோதிக்கலை சார். அதனால கையெழுத்து இல்லை... தெரியும் சார். விருதும் இல்லை, தெரியும். வீடும்... தெரியும் சார். இல்லை சார், வேற யாரும் போடக்கூடாது, பிரேக் இல்லைன்னு ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு நானே இப்ப எழுதிக் கொடுத்துடறேன். பேஸ்மென்ட் மேஜையை எடுத்துட வேண்டாம்னு மட்டும்... அதுவும் இல்லையா. சரி சார். வணக்கம்.

— என்னடா?

— திங்கக்கிழமையிலேருந்து வர வேண்டாமாம்.

— ஃபேன் இல்லாத மேஜைதானே. போகட்டும்.

— அவகிட்ட என்ன சொல்லுவேன்க்கா? வாசப்படி இல்லாத வீடுன்னு கேட்டதிலேருந்து சின்னப் பிள்ளை மாதிரி செருப்பைத் துடைச்சுத் துடைச்சு வைக்கிறா. இருபத்திரண்டு வருஷத்துல வேற வேலையும் கத்துக்கலை. எனக்குப் பயமா இருக்கு. நெஜமா பயமா இருக்கு.

— பயமா இருக்கும். உக்காரு. ஊசி இருக்கு, பார்த்து உக்காரு. நாளைக்குக் காலையில ஒரு வண்டி பேசறேன். பழையபடி நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டு வாங்க. இனிமே அவ ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். நேரா என் வீடு.

— அந்த ஜெபம் கூடாதுங்கிறதை மட்டும் எடுத்துடுக்கா. கெஞ்சிக் கேக்கிறேன்.

— சுவர் மெல்லிசுடா. அஞ்சரை மணிக்கெல்லாம் சத்தம் கேக்கும்.

— மெதுவா பண்ணிக்கிறேன். உனக்குக் கேக்காது.

— உனக்குக் கேக்கும்னு சொல்றேன்டா மண்டு. அதுக்குத்தானே கூடாதுன்னேன்.

— எனக்கா? எனக்கு என்ன கேக்கும்?

— மெஷின்ல உக்காரறதுக்கு முன்னாடி நான் சொல்றது. பதினொரு வருஷமா, ஒரு நாள் விட்டதில்லை. சிரிச்சே, கத்தரியை எடுத்துடுவேன். அஞ்சு வயசுல நீ சொன்ன மாதிரியேதான் சொல்றேன், அந்த ஒரு எழுத்தை மாத்தலை: 'ஆண்டவரே, என் தம்பியைச் சாதனையிலிருந்து இரட்சியும்.'