அடிபடாதவருக்கு எண்ணிய பத்து

மேலே குறித்துள்ள பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும் என்னுடையவைதான். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து லென்ஸ் பொருத்தும் வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு முறை வந்ததைத் தவிர இந்தக் காவல் நிலையத்துக்கு நான் வந்ததில்லை. நான் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதிக்கொள்கிறார். யாரும் என்னை மிரட்டவில்லை.

கடை வேலை தவிர, கிக்பாக்சிங் போட்டிகளில் உதை எண்ணும் வேலையும் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். அப்படி ஒரு வேலை உண்டா என்று அதிகாரி கேட்டதாலும், இந்தச் சங்கங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டதாலும் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கராத்தே போட்டியில் முன்பெல்லாம் அடி உடம்பில் படுவதற்குள் கையை நிறுத்திவிட வேண்டும். பட்டால் குற்றம். நிஜமாக அடித்தால் யார் ஜெயிப்பார் என்ற கேள்வி வந்து, அதன் பிறகு கையுறையும் கால் உறையும் போட்டு ரிங்கில் ஏற்றி அடிக்கவிட்டார்கள். ஏறியவர்கள் காலை மறந்து கையாலேயே குத்திக்கொண்டார்கள். சுமாரான குத்துச்சண்டையை எதற்குக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஜனங்கள் எழுந்து போனார்கள். ஆகவே ஒரு சுற்றுக்கு இடுப்புக்கு மேல் எட்டு உதையாவது விட வேண்டும், குறைந்தால் மதிப்பெண் போகும் என்று விதி வந்தது. விதி வந்ததால் எண்ணுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒருவராக ரிங் ஓரத்தில் உட்கார்ந்து, உதைக்க உதைக்க எண் அட்டையைத் தூக்கிக் காட்டுவோம். நானும் அப்படித்தான் வந்தேன்.

எங்கள் சங்கத்தில் தலைவரும் செயலாளரும் மாமன் மச்சான். தலைவரின் தங்கையைத்தான் செயலாளர் கட்டியிருக்கிறார். வெளிநாட்டில் தொடையில் உதைப்பதையும் அனுமதிக்கிறார்கள், நாமும் விடலாம் என்று செயலாளர் சொன்னார். தொடையில் உதைப்பது கராத்தே பரம்பரைக்கு இழுக்கு என்று தலைவர் சொன்னார். பேச்சு முற்றி, செயலாளர் வெளியே போய்ப் புதிய சங்கம் தொடங்கினார். அதன் பிறகு ஒவ்வொரு எடையிலும் இரண்டு சாம்பியன்கள் ஆனார்கள். சில வருடம் கழித்து மூன்றாவதாக ஒரு சங்கமும் வந்தது. அதில் தலைவரும் சாம்பியனும் ஒரே ஆள். அதிகாரம் யார் கொடுத்தது என்றால், யாரும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். இருந்தாலும் சங்கம் இல்லாமல் போட்டி நடத்த முடியாது. எடை பார்ப்பது, நடுவரை நிறுத்துவது, டாக்டரை உட்கார வைப்பது, சாம்பியனுக்குப் பெல்ட் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. மயங்கி விழுந்தவனை இத்தனை மாதம் ரிங்கில் ஏறாதே என்று வீட்டுக்கு அனுப்புவதும் அவர்கள் வேலைதான். பெல்ட் கட்டும்போது போட்டோ எடுப்பார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் எடுப்பதில்லை.

இந்த வழக்கில் சொல்லப்படும் கொக்கு என்பவர் என் கூடப் பிறந்த தம்பி. கால் நீளம் என்பதால் அந்தப் பெயர். லிப்ட் மெக்கானிக். வயது முப்பத்தாறு. மனைவியும் ஒரு பெண் குழந்தையும் உண்டு. பத்து வருடத்துக்கு மேலாகப் பழைய சங்கத்தில் ஆடியும் பெல்ட் கிடைக்கவில்லை. ஒரு முறை கிடைத்திருக்க வேண்டியது. அன்று அவனுக்கு எண்ண வேண்டியவர் வராததால், எதிர்த்தரப்பும் சம்மதித்து என்னை உட்கார வைத்தார்கள். கடைசிச் சுற்றில் அவன் ஏழு உதைதான் விட்டான். நான் ஏழு என்றே அட்டை காட்டினேன். ஒரு மதிப்பெண்ணில் தோற்றான். எண்ணிக்கை சரி என்று வீடியோவிலும் பார்த்தார்கள். அதன் பிறகு அவன் என் வீட்டுக்கு வந்தால் என் கணவரோடுதான் பேசுவான்.

இந்த வருடத் தொடக்கத்தில் பழைய சங்கப் போட்டி ஒன்றில் கொக்கு தலையில் உதை வாங்கி மயங்கி விழுந்தான். ரிங் டாக்டர் ஆறு மாதம் ஓய்வு போட்டார். அது எல்லாருக்கும் தெரியும், ஒலிபெருக்கியிலேயே சொன்னார்கள். அதைத் தொடர்ந்து ஒரு நாள் அவன் மனைவி அவனைக் கடைக்குக் கூட்டி வந்து, அடிக்கடி தலைவலி என்கிறார், கண்ணில் கோளாறோ என்னவோ பாருங்கள் அண்ணி என்றாள். நான் பரிசோதித்தேன். கடைசி வரியின் பொடி எழுத்து வரை படித்தான். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. முடித்ததும், "சரி, ஆரம்பிக்கலாம்க்கா" என்றான். இப்போதுதானே படித்தாய் என்றேன். அவன் சிரித்துச் சமாளித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. ரிங் டாக்டரிடம் போனில் சொன்னேன். உடனே தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கொக்கு எடுக்க மறுத்துவிட்டான்.

அதன் பிறகு ஓய்வு முடிய இன்னும் மாதங்கள் இருக்கையில், புதிய சங்கத்தின் பட்டப் போட்டிக்குக் கொக்கு சம்மதித்துவிட்டான் என்று கேள்விப்பட்டு அவன் வீட்டுக்குப் போனேன். செயலாளர் அங்கே உட்கார்ந்திருந்தார். ஓய்வில் இருப்பவனை எப்படி ஏற்றுவீர்கள் என்று கேட்டேன்.

"அங்க போட்ட தடை அங்கதாம்மா. எங்க கொடிக்குக் கீழ ஏறினா அவரு எங்களுக்குப் புது ஆளு. எங்க டாக்டரும் பாத்துட்டாரு."

அந்த டாக்டர் பல் டாக்டர் என்று பிற்பாடு தெரிந்தது.

செயலாளர் போன பிறகு தம்பியிடம் பேசினேன். அவன் காலுறையைத் தைத்துக்கொண்டே கேட்டான். அவன் சொன்னது இது:

"ஊரான் பிள்ளைக்கு எண்ணுற மாதிரிதான் எனக்கும் எண்ணுன. நான் கேட்டனா? இப்ப மட்டும் எங்கேருந்துக்கா வந்துச்சு பாசம்?"

அவன் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் திரும்பத் திரும்பத் தவறவிட்டான். அவன் பெண் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் கடைக்கு விடுப்புப் போட்டுத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். செயலாளருக்கு ஒரு போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னார்:

"அவங்கள ஒரு சங்கம்னே நாங்க ஒத்துக்கலயேம்மா. ஒத்துக்காத இடத்துக்கு எப்படி போன் பண்றது?"

"போன ஞாயித்துக்கிழம அவர் வீட்லதான சார் சாப்பிட்டீங்க?"

"அது மச்சான் வீடு. இது வேற."

கடிதமாவது எழுதுங்கள் என்றேன். கடிதம் எழுதினால் அவர்களை அங்கீகரித்ததாக ஆகிவிடும் என்றார். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

போட்டியன்று மாலை விளையாட்டு அரங்கத்துக்கு டிக்கெட் எடுத்துப் போனேன். எந்தச் சங்கத்தின் சார்பிலும் போகவில்லை. ரிங்குக்குப் பின்னால் உள்ள அறையில் எதிர் ஆட்டக்காரர் கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். அவர் பட்டறையில் வெல்டர் வேலை பார்ப்பவர், எல்லாரும் வெல்டர் என்றே கூப்பிடுவார்கள். முன்பு எங்கள் சங்கத்தில் ஆடியபோது அவருக்கும் நான் உதை எண்ணியிருக்கிறேன். அவரிடம் நான் பேசியதுதான் என் மேல் உள்ள புகார் என்பதால், பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"தம்பி, கொக்குக்குத் தலையில அடிபட்டு டாக்டர் ஓய்வு போட்டிருக்காரு. அது இன்னும் முடியல. ஆளும் சரியா இல்ல."

"எங்க ஆளுங்க யாரும் சொல்லலயே."

"சொல்ல மாட்டாங்க."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். அவனா இறங்க மாட்டான்."

"நான் என்னக்கா பண்ணணும்ங்கிறீங்க?"

"எனக்கும் தெரியல தம்பி. உனக்குத் தெரிஞ்சிருக்கணும்னுதான் சொன்னேன்."

அவர் மறுகைக்கும் துணி சுற்றத் தொடங்கினார். நான் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். விளையாடாதே என்றோ தோற்றுப் போ என்றோ நான் சொல்லவில்லை. பணம் பற்றியும் பேசவில்லை.

முதல் சுற்றில் வெல்டர் தொடையில் மட்டும் உதைத்தார். தலைப் பக்கம் கையைக் கொண்டு போகவில்லை. கொக்கு முகத்தில் நன்றாகவே குத்தினான். ஜனங்கள் கைதட்டினார்கள். நானும் ஓரிடத்தில் என்னை அறியாமல் கைதட்டினேன். இரண்டாவது சுற்று முடிந்து மணி அடித்ததும் கொக்கு தன் மூலைக்குப் போகாமல் வெல்டரின் மூலைக்குப் போய் அவருடைய முக்காலியில் உட்கார்ந்தான். அரங்கம் முழுவதும் சிரித்தது. எதிராளியைச் சீண்டுகிறான் என்று நினைத்தார்கள். வெல்டர் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அவனை எழுப்பி, தோளில் கை போட்டு அவன் மூலையில் கொண்டு போய் விட்டார். அதன் பிறகு நடுவரிடம் ஏதோ சொன்னார். நடுவர் மேசையில் இருந்த செயலாளரைப் பார்த்தார். செயலாளர் நடக்கட்டும் என்று கையை ஆட்டினார். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாவது சுற்று தொடங்க மணி அடித்தது. வெல்டர் ரிங்கின் நடுவுக்கு வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கையுறை போட்ட கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். கொக்கு அவர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டே நின்றான். நடுவர் எழச் சொன்னார், எழவில்லை. வேறு வழி தெரியாமல் நடுவர், அடி வாங்கி விழுந்தவருக்கு எண்ணுவதுபோல் பத்து வரை எண்ணத் தொடங்கினார்; அதற்குள் எழாவிட்டால் தோல்வி. அடிபடாத ஒருவருக்குப் பத்து எண்ணியதை நான் அன்றுதான் பார்த்தேன். வெல்டர் ஒவ்வொரு எண்ணுக்கும், சரிதான் என்பதுபோல் தலையசைத்தார். பத்து முடிந்ததும் கொக்கு சாம்பியன் என்று அறிவித்து பெல்ட்டைக் கட்டினார்கள்.

அதைத் தொடர்ந்து சிலர் இது பேசி வைத்த ஆட்டம் என்று கத்தி நாற்காலிகளை எறிந்தார்கள். மதிப்பெண் மேசை கவிழ்ந்தது. எறிந்தவர்களை எனக்குத் தெரியாது. நான் எந்த நாற்காலியையும் தொடவில்லை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலி கடைசி வரை நன்றாகத்தான் இருந்தது.

சந்தடியில் தம்பியைப் பின்வழியாகக் கூட்டிக்கொண்டு வந்தேன். பல நாள் கழித்து அன்றுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நடையில் நின்று, "எந்த அடிக்குக்கா விழுந்தான்?" என்று கேட்டான்.

நல்ல உதைடா என்று சொன்னேன். அது உண்மையில்லை. இந்த வாக்குமூலத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்த முறை ஸ்கேனுக்கு அவன் தகராறு பண்ணவில்லை. மூளைக்கு மேல் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தேங்கியிருக்கிறது, இது பழைய அடி, இன்னொரு உதை தலையில் விழுந்திருந்தால் ரிங்கிலேயே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் ஆனது. பிழைத்துக்கொண்டான். இப்போது பொது வார்டில் இருக்கிறான். வெல்டர் உட்கார்ந்த விஷயம் அவனுக்கு இன்னும் நினைவில்லை. பெல்ட் அவன் கட்டிலுக்கு அடியில் பையில் இருக்கிறது.

செயலாளர் என் மேல் கொடுத்த புகாரில், பழைய சங்கம் என்னை அனுப்பிப் போட்டியைக் கெடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அது தவறு. அங்கீகாரம் இல்லாத போட்டிக்குப் போனதற்காகப் பழைய சங்கம் என்னையும் நீக்கிவிட்டது. ஆகவே இன்றைய நிலையில் நான் எந்தச் சங்கத்திலும் இல்லை. தலைவரும் செயலாளரும் ஆஸ்பத்திரிக்கு ஒன்றாக வந்து, மச்சான் காரிலேயே ஒன்றாகத் திரும்பிப் போனார்கள்.

புதிய சங்கம் வெல்டருக்கு ஒரு வருடம் தடை போட்டிருக்கிறது. நேற்று அவர் வேலை முடிந்து பட்டறை உடுப்போடு வார்டுக்கு வந்தார். கொக்கு தூங்கிக்கொண்டிருந்தான். வெல்டர் கட்டில் ஓரமாக நின்று தலைக்கட்டைப் பார்த்தார். வெளியே வந்ததும், பழைய சங்கத் தலைவர் தனக்குப் போன் செய்ததாகச் சொன்னார். அவர்கள் போட்ட தடை எங்களுக்குச் செல்லாது, அடுத்த மாதமே எங்கள் கொடிக்குக் கீழ் ஏறலாம் என்று கூப்பிட்டாராம். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"வரலன்னுட்டேன்க்கா. ஒரு வருசம் வீட்டுலதான் இருக்கப் போறேன். யாரோ போட்ட தடைய யாராவது ஒருத்தராவது மதிச்சுப் பாக்கணும்ல?"

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் வெல்டரை நான் 'தூண்டினேன்' என்று இருந்தது. 'தெரிவித்தேன்' என்று மாற்றச் சொன்னேன், மாற்றி என் சுருக்கொப்பமும் வாங்கினார்கள். மற்றபடி நான் கண்டதும் கேட்டதும் சொன்னதும் இதில் உள்ளபடியே நிஜம் என்று ஒப்புக்கொண்டு, என் கைப்பட ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)