கொமாண்டருக்குத் தமிழ் தெரியும்

காலை ஆறு பத்து. முதல் ஷெல் எங்களுக்குப் பின்னால் கடலில் விழுகிறது. வள்ளம் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்கிறது. என் தமையன் மரியதாஸ் எழுந்து நின்று கம்பை ஊன்றித் தள்ளுகிறான். அடியில் சேறு. சேறு கம்பை விடுவதில்லை. எஞ்சின் இருந்தால் இருபது நிமிடத்தில் யாழ்ப்பாணக் கரை. எஞ்சின் இல்லை.

எண்பத்தாறாம் ஆண்டு. பங்குனி. செவ்வாய்க்கிழமை. தீவில், அல்லைப்பிட்டிக்கு இப்பால் எங்கள் கரை. ஐந்து நாற்பதுக்குக் கடற்படை ஊருக்குள் அடிக்கத் தொடங்கியது. ஐந்து வள்ளங்களில் ஏறினோம். எங்களுடையதில் பதினொரு பேர். ஐயா பின்பக்கம், துடுப்போடு.

"குனியுங்கோ! எல்லாரும் குனியுங்கோ!" என்கிறார் ஐயா.

ஆறு பதின்மூன்று. இரண்டாவது ஷெல். நாலாவது வள்ளம் இருந்த இடத்தில் பலகைகள் மிதக்கின்றன. யாரும் கத்தவில்லை. கத்த யாரும் இல்லை.

எஞ்சின்கள் எங்கே போயின என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஒன்பது நாட்களுக்கு முன் கோயில் முற்றத்தில் கூட்டம். தீவின் கடற்படை முகாமுக்குப் புதிதாக வந்த கொமாண்டர் எங்களோடு ஆங்கிலத்தில் பேசினார். பங்குச் சுவாமியார் அன்று ஊரில் இல்லை. மற்றபடி ஊரில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கன்னியர்மடத்தில் உயர்தரம்வரை படித்தவள். என் ஐயா இன்றும் பெருவிரல்தான் வைக்கிறார். அன்று தோய்த்த வெள்ளைச் சாரம் உடுத்து முன்வரிசையில் நின்றார். மகள் அதிகாரியோடு ஆங்கிலம் பேசுவதைப் பார்க்க வந்திருந்தார்.

கொமாண்டர் சொன்னது இவ்வளவுதான். எஞ்சின்களை முகாமில் ஒப்படையுங்கள். மீன்பிடி பாஸ் பற்றி மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.

பிரான்சிஸ் சம்மாட்டியார் நம்பவில்லை. ஊரில் அதிக வள்ளங்கள் அவருடையவை. பிரசைகள் குழுவின் தலைவரும் அவரே.

"பிள்ளை, உவர் கதிரையில இருந்துகொண்டு எங்களை வெயிலில நிக்க வைச்சுக் கதைக்கிறார். உவற்றை சொல்லை எப்பிடி நம்புறது? எஞ்சின் இல்லாட்டி வள்ளம் மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டிதான்."

சனம் சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"இல்லைச் சம்மாட்டியார், குடுத்தால் ஊருக்கு ஒண்டும் நடவாதாம். பாஸ் கட்டாயம் தருவாராம்."

அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னேன். படித்தவன் படித்தவளை ஏமாற்றமாட்டான் என்று நம்பினேன்.

கொமாண்டர் என்னைப் பார்த்தார். மெல்லத் தலையசைத்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் எஞ்சின்கள் மாட்டுவண்டியில் முகாமுக்குப் போயின. மரியதாஸ் எங்களுடையதை மணலில் புதைத்திருந்தான். நான்தான் தோண்டி எடுக்க வைத்தேன்.

"எங்கட வீட்டால களவு வேண்டாம் அண்ணை."

"ஓம் தங்கச்சி. படிச்ச உனக்குத் தெரியாததே." அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றும் சுடுகிறது.

ஆறு இருபது. கடற்படையின் பீரங்கிப் படகு நெருங்குகிறது. ஒலிபெருக்கி இரைகிறது.

"வள்ளத்தைத் திருப்பு! கரைக்குப் போ! திருப்பாட்டி சுடுவம்!"

தமிழ். எங்கள் தமிழ். குரலும் தெரிந்த குரல். தலையை நிமிர்த்திப் பார்க்கிறேன். வெள்ளைத் தொப்பி. ஒலிபெருக்கியை வாயில் வைத்திருப்பவர் கொமாண்டர்.

அப்படியென்றால் கோயில் முற்றத்தில் எல்லாம் அவருக்கு விளங்கியது. சம்மாட்டியாரின் பகிடி விளங்கியது. நான் கூட்டிச் சொன்ன பொய்யும் விளங்கியது. திருத்தவில்லை. தலையசைத்தார்.

"மரியதாஸ், இரடா! இரு!" ஐயா கத்துகிறார்.

அவன் கீழே குந்தியிருந்தால் வள்ளம் நின்றுவிடும். அவன் குந்தவில்லை. இன்னும் இரண்டு தள்ளு. ஏழு வெடிகள். அடுத்தடுத்து. எண்ணினேன். அவன் தண்ணீருக்குள் சரிந்தான். வள்ளம் சேற்றுத் திட்டில் ஏறியது. பீரங்கிப் படகுக்கு அங்கே ஆழம் போதாது. முழங்கால் தண்ணீரில் குதித்துக் கண்டல் பற்றைக்குள் ஓடினோம். நானும் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அரசாங்கம் விசாரணை வைத்தது. கொமாண்டரின் வாக்குமூலம் ஒரே தாள். தனக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்த பெண் பிழைவிட்டாள். சனம் பிழையாக விளங்கிக்கொண்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை. அவருக்குப் பதவி உயர்ந்தது. பத்திரிகையில் படம் வந்தது. ஓர் அமைச்சர் அவருக்கு மாலை போடுகிறார். இருவரும் சிரிக்கிறார்கள்.

என் பிழையை மறைக்காமல் எழுதிவிட்டேன். அவருடையதை அவர் எழுதவில்லை. மன்னித்துவிடு என்று கன்னியர்கள் சொன்னார்கள். ஏலாது என்றேன். அவர் நிம்மதியாகக் கிழவனாகக் கூடாது. அவருடைய பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும். அவர் எந்த மேடையில் ஏறினாலும் பின்னால் ஒருவர் தமிழில் அவரைக் கூப்பிட வேண்டும். தலை தானாகத் திரும்பும். சபை முழுக்கப் பார்க்கும். அந்த நாளில் நான் சபையில் இருப்பேன்.

இழந்தவை. எஞ்சின்கள் பதினாறு. ஒன்றும் திரும்பவில்லை. வள்ளங்கள் இரண்டு, நாலாவதும் எங்களுடையதும். வீடுகள் ஒன்பது. கோயில் கூரை.

ஆட்கள் பதினான்கு பேர். நாலாவது வள்ளத்தில் பதின்மூன்று. பிரான்சிஸ் சம்மாட்டியார். மனைவி திரேசம்மா. அவர்களின் மூன்று பெண்கள். பக்கத்து வீட்டு லூர்தம்மா அக்கா, வயிற்றில் ஏழு மாதம். அந்தப் பிள்ளையை விசாரணை எண்ணவில்லை. நான் எண்ணினால் பதினைந்து. கிழிந்த வலை பொத்தும் சகோதரர்கள் நால்வர். சவரிமுத்துவும் தாயும் தகப்பனும்.

எங்கள் வள்ளத்தில் ஒருவன். மரியதாஸ். வயது இருபத்துமூன்று. உடல் கிடைக்கவில்லை.